கூடத்து மூங்கிலும் ஐந்து தொட்டிகளும்

1

1954 மார்ச் 3, புதன்கிழமை. ஐந்து மணிக்கு எழுந்தேன். பல் தேய்த்துவிட்டுக் கூடத்துக்கு வந்து, சன்னலில் தொங்கும் கோணிச் சாக்கை நனைத்தேன். தொட்டிகளுக்கு அடியில் உள்ள தட்டுகளில், கூழாங்கல் மூழ்காத அளவுக்குத் தண்ணீர் ஊற்றினேன். ஐந்து தொட்டிகளையும் வெளிச்சத்துக்காகக் கால் சுற்று திருப்பி வைத்தேன். அதற்குப் பிறகுதான் காபி. பொங்கல் கழிந்ததிலிருந்து இந்த வரிசையை நான் மாற்றியதில்லை.

காபி குடிக்கும்போது ராஜம் வந்து தொட்டிகளுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்தாள். ராஜம் என் மகள், ஒரே குழந்தை. பெண்கள் கல்லூரியில் இண்டர்மீடியட் இரண்டாம் வருஷம். இரண்டாவது தொட்டியில் உள்ள பெரணிச் செடியின் நடுவே பாக்கு அளவில் சுருண்டு நிற்கும் குருத்தை ஒற்றை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"விரியலையா?" என்றேன்.

"இல்லேப்பா. நேத்திக்கு இருந்த மாதிரியேதான். நுனி கறுத்துண்டு வரது."

"இன்னும் கொஞ்சம் தண்ணி விடட்டுமா?"

"மதி, மதி. வேர் அழுகிப் போயிடும்." எழுந்து போனாள். மலையாளத்து 'மதி'தான்; 'போதும்' என்ற சொல் இந்த வீட்டில் அவள் வாயிலிருந்து வந்து சில வருஷமாகிறது.

சனிக்கிழமை காலை அவளுடைய தாவரவியல் டீச்சர் செடிகளைப் பார்க்க வருகிறாள். நடுவில் இரண்டு நாள்தான் இருக்கிறது.

2

ஊரில் இருப்பவர்களுக்கு இது விளங்க வேண்டுமானால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

இருபது வருஷத்துக்கு முன்னால், இதே மார்ச் மாதத்தில், செங்கோட்டை வழியாக ரயிலில் வந்து திருவனந்தபுரத்தில் இறங்கினேன். சங்கரன்கோவில் பக்கத்துக் கரிசல் மண்ணில் வளர்ந்தவன் நான். எங்கள் பக்கம் ஈரம் என்றால் அது கிணற்றுக்குள் இருக்கும். இங்கே அது காற்றில் இருக்கிறது. வந்த முதல் மாதத்திலேயே தகரப் பெட்டியில் இருந்த தோல் செருப்பில் பூஞ்சணம் பூத்தது. உப்பு ஜாடியில் உப்பு கரைந்து தண்ணீராக நின்றது. தபால் தலைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. தீக்குச்சியை வெயிலில் காய வைத்து எடுத்துத்தான் அடுப்பு மூட்டினோம். அப்பளம் விஷயத்தில்தான் எனக்கு மனத்தாங்கல். ஊரில் காலையில் பொரித்த அப்பளம் ராத்திரியும் மொறுமொறுவென்று இருக்கும். இங்கே வாணலியிலிருந்து எடுத்து இலைக்கு வருவதற்குள் நமுத்துப் போகும்.

சாலைக் கடைத்தெருவில் ஓர் இரும்புச் சாமான் மொத்தக் கடையில் கடிதப் போக்குவரத்தும் சரக்குக் கணக்கும் என் வேலை. ஆணி, கீல், தாழ்ப்பாள், சங்கிலி. எங்கள் கடைக்கு எதிரி இந்த ஈரம்தான். பெட்டிகளைத் தார்க் காகிதத்தில் பொதிந்து, கிரீஸ் தடவி, உள்ளே சுட்டு நீற்றாத சுண்ணாம்புக் கட்டியைத் துணியில் முடிந்து வைப்போம். அது காற்றின் ஈரத்தைக் குடிக்கும். குடித்துக் குடித்துக் கடைசியில் பொடியாகும். பொடியானதும் மாற்ற வேண்டும். பகல் முழுவதும் ஈரத்தை விரட்டுகிற நான், இந்த இரண்டு மாதமாக வீட்டுக்கு வந்ததும் ஈரம் வேண்டுமென்று தவம் கிடக்கிறேன்.

ஸ்ரீவராகத்தில் இப்போது இருக்கும் வீட்டை என் மனைவி கமலம்தான் தேர்ந்தெடுத்தாள். நான் வாடகை, கிணறு, கூரை என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் கூடத்தில் நின்று அண்ணாந்து பார்த்தாள். உத்தரத்திலிருந்து இரண்டு கயிற்றில், கைக்கு எட்டாத உயரத்தில், குறுக்காக ஒரு நீள மூங்கில் தொங்கியது. "இந்த வீடே போறும்" என்றாள். குளித்து முடித்து மறுநாளைக்கான ஒன்பது கஜத்தை நனைத்துப் பிழிந்து, கோலால் தூக்கி அந்த மூங்கிலில் விரிப்பாள். யார் கையும் படாமல் அது உலர வேண்டும். அது அவள் மடி. அந்தக் கோலைக்கூட நான் குளிக்காமல் தொட்டதில்லை. மூங்கிலுக்குக் கீழே நாற்காலி போட்டு ஒரு நாள் பத்திரிகை படித்தேன். இரண்டாம் பக்கம் முழுக்கச் சொட்டி மை ஊறிவிட்டது. அதிலிருந்து அந்த இடத்தில் யாரும் உட்காருவதில்லை. வீட்டில் உபயோகமில்லாத இடம் அது ஒன்றுதான்.

3

ஜனவரியில் கல்லூரியின் கண்ணாடிச் செடிக்கொட்டகைக்குப் புதிதாகக் கூரை போட ஆரம்பித்தார்கள். உள்ளே இருந்த நிழல் செடிகளை டீச்சர் மாணவிகளிடம் பிரித்துக் கொடுத்தாள். ராஜத்துக்கு ஐந்து: இரண்டு பெரணி, ஒரு ஆந்தூரியம், ஒரு பிகோனியா, இலையில் கோடு போட்ட ஒரு மராந்தா. எல்லாம் காட்டின் அடிநிழலில் வளர்கிற ஜாதி. தொட்டிகளைக் கொண்டுவந்து இறக்கிய அன்று டீச்சரே வந்திருந்தாள். ஆலப்புழைப் பக்கத்துக்காரி. ஐம்பது வயது இருக்கும். வெள்ளை முண்டும் நேரியதும் உடுத்தியிருந்தாள். நல்ல தமிழ் பேசுகிறவள்.

"சார், ஒண்ணு கேளுங்க. வேருக்குத் தண்ணி கொடுக்கறது வேற, காத்துக்கு ஈரம் கொடுக்கறது வேற. இந்தச் செடிகள் வேரால குடிக்கறதைவிட இலையால பயப்படும். காத்து காய்ஞ்சா போச்சு."

"அதுக்கு என்ன செய்யணும் டீச்சர்?"

"தட்டில கல்லும் தண்ணியும். தொட்டியெல்லாம் கூட்டமா இருக்கட்டும், ஒண்ணுக்கொண்ணு ஈரம் கொடுக்கும். வெயில் வேண்டாம், புகை வேண்டாம், நேர்க்காத்து வேண்டாம். நான் திரும்பி வரும்போ பழைய இலையைப் பாக்க மாட்டேன். அது கருகினா வெட்டிக்கலாம். புதுக் குருத்து விரியுதான்னு மாத்திரம் பாப்பேன்."

பிறகு ராஜத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, ஆனால் விளையாட்டாக அல்லாமல், மலையாளத்தில் சொன்னாள். இதைக் காப்பாற்றிக் கொண்டு வருகிறவளைத்தான் பி.எஸ்ஸி. தாவரவியலுக்குச் சிபாரிசு செய்வேன், செடியைச் சாகவிடுகிறவளுக்கு அந்தப் படிப்பு எதற்கு என்று.

அன்று சாயங்காலம் கமலத்துக்கும் எனக்கும் வாக்குவாதம். அம்பாசமுத்திரத்தில் ஒரு வரன் வந்திருந்தது. பையன் பள்ளிக்கூட வாத்தியார். நல்ல குடும்பம். எழுதியிருந்த ஒரே கேள்வி, பெண்ணுக்குத் தமிழ் எழுதப் படிக்க வருமா என்பது. அதைக் கேட்டதும் கமலத்துக்குக் கண் கலங்கிவிட்டது. "பாத்தேளா, நம்ம பொண்ணை அந்நிய தேசத்துக்காரின்னு நெனைச்சுட்டா. இன்னும் ரெண்டு வருஷம் இங்க படிச்சா, நம்ம பக்கம் யாரும் ஏறெடுத்துப் பாக்க மாட்டா."

நான் நடுவில் ஒரு வழி சொன்னேன். டீச்சர் சிபாரிசு செய்தால் ராஜம் படிக்கட்டும். செய்யாவிட்டால் சித்திரையில் அம்பாசமுத்திரம் போய் வருவோம். இரண்டு பேரும் ஒப்புக்கொண்டார்கள். கமலம் அந்தப் பயணத்துக்கென்று ஓர் அரக்கு நிற நூல் புடவை, கெட்டி நெசவு, ஒன்பது கஜம், எடுத்துப் பெட்டியில் வைத்தாள். ராஜம் ஒவ்வொரு தொட்டியிலும் செடியின் பெயரை எழுதி ஒட்டினாள். மலையாள எழுத்தில்.

தொட்டிகளை எங்கே வைப்பது? கொல்லையில் வெயில். ரேழியில் காற்று. அடுக்களையில் புகை. மூங்கிலுக்குக் கீழே இருந்த அந்த உபயோகமில்லாத இடம்தான் மிச்சம். அங்கே வரிசையாக வைத்தேன்.

4

முதல் ஐந்து வாரம் செடிகள் சிரித்தன. பெரணி அலை அலையாக விரிந்தது. ஆந்தூரியம் ஒரு சிவப்புப் பூ விட்டது. நான் தட்டு, கல், சாக்கு என்று ஏற்படுத்திய முறையால்தான் இது நடந்தது என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. கடையில் ஸ்டோர் கீப்பர் குட்டன் பிள்ளையிடம் தினமும் சொல்லுவேன்.

"ஸ்வாமி, செடிக்கும் கூடி ஒரு ஃபைல் திறந்நோ?" என்பான் அவன்.

"திறந்தால் என்ன தப்பு?"

"தப்பில்லா. நாளைச் செடி லீவு எழுதிக் கேட்டால் கொடுக்கணும், அதே உள்ளூ."

பிப்ரவரியின் பாதியில் மாறியது. மராந்தாவின் இலை ஓரம் காகிதம் போல் காய்ந்தது. பெரணியின் நுனிகள் பழுத்தன. நான் தட்டில் தண்ணீரைக் கூட்டினேன். சாக்கைத் தினம் மூன்று தடவை நனைத்தேன். மண்ணிலும் ஊற்றினேன். வறண்ட ஊர்க்காரனுக்கு வாடிய செடியைக் கண்டால் கை சும்மா இருக்காது. ராஜம் கத்தித் தடுத்திராவிட்டால் எல்லாம் அழுகியிருக்கும்.

மேற்கே கடல் இருந்தும், இந்த மாதத்தில் சில நாள் காலையில் மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு வரட்டுக் காற்று வரும். நம் பக்கத்துக் காற்று. அதுதான் காரணம் என்று முடிவு கட்டினேன். வெளியே சொல்லவில்லை, ஆனால் அந்தக் காற்றின் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. வாசற்படியில் நின்று முகத்தில் வாங்கிக்கொண்டேன். உள்ளே பெரணி கருகிக்கொண்டிருந்தது.

5

மூன்றாம் தேதிக்குத் திரும்புகிறேன். ஒன்பது மணிக்குக் கடை. பதினொன்றரைக்கு அனுமதி வாங்கிக்கொண்டு தாலுகா ஆபீஸுக்குப் போனேன். ராஜம் மேற்படிப்புக்கு விண்ணப்பம் போட, அப்பன் இந்த ராஜ்யத்தில் வசிப்பவன் என்று ஒரு சர்ட்டிபிகேட் வேண்டும். எல்லை எங்கே விழும், தமிழ் பேசும் தெற்குத் தாலுகாக்கள் மெட்ராஸுக்கா இந்த ராஜ்யத்துக்கா என்ற பேச்சு எங்கும் நடக்கிற காலம். ஆகவே இப்போதெல்லாம் அந்தச் சர்ட்டிபிகேட்டுக்குக் கேள்விகள் அதிகம்.

குமாஸ்தா என் விண்ணப்பத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஜனனம் சங்கரன்கோவில். அது மெட்ராஸ் அல்லே?"

"ஆமாம். இருபது வருஷமாக இங்கேதான் இருக்கிறேன்."

"அதினு தெளிவு?"

ஆதாரத்துக்கு வாடகை ரசீதுகளை வருஷ வரிசையில் கட்டிக் கொண்டுபோயிருந்தேன். அவர் முதலாவதைப் பார்த்தார், கடைசியைப் பார்த்தார். நடுவில் இருந்ததைப் பார்க்கவில்லை. "நாளை நிங்ஙளுடெ ஆள்க்காரெல்லாம் அங்ஙோட்டுப் போயால், நிங்ஙள் எங்ஙோட்டு?"

நான் எங்கே போவேன் என்று எனக்கே தெரியாத கேள்வி. "பெண் இங்கே படிக்கிறாள்" என்று மட்டும் சொன்னேன். அடுத்த வாரம் வரச் சொன்னார்.

கடைக்குத் திரும்பியபோது குட்டன் பிள்ளை ஓர் ஆணிப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு தலையில் கை வைத்திருந்தான்.

"நோக்கு ஸ்வாமி. போன ஆழ்ச்ச வச்ச சுண்ணாம்பு. முழுவன் பொடிஞ்ஞு போயி."

முடிச்சை வாங்கி அவிழ்த்தேன். கட்டியாக வைத்தது ஒரே வாரத்தில் மாவாக இருந்தது. வழக்கமாக மூன்று வாரம் தாங்குகிற கட்டி. ஆணிகளில் செம்மண் நிறத்தில் துரு படர ஆரம்பித்திருந்தது.

"காற்றில் இவ்வளவு ஈரமா இருக்கிறது?"

"பின்னே? ரண்டு நாளாயி புழுக்கமல்லே. உடுத்த முண்டு உணங்ஙுன்னில்லா."

நான் முடிச்சைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். உடுத்திய முண்டுகூடக் காயவில்லையாம்; ஊர் முழுவதும் ஈரம். வரட்டுக் காற்று என்று நான் சொல்லிக்கொண்டிருந்தது இந்தக் கடைக்கு வரவில்லை. கடைக்கும் என் வீட்டுக்கும் நடக்கிற தூரம்தான்.

6

ஐந்தே முக்காலுக்கு வீட்டுக்கு வந்தேன். கை கால் கழுவி உட்கார்ந்ததும் கமலம் காபியோடு ஒரு தட்டில் அப்பளம் கொண்டுவந்து வைத்தாள்.

"மத்தியானம் பொரிச்சது. மிஞ்சிடுத்து. வீணாக்க வேண்டாம்னு பாத்தேன்."

கடித்தேன். மொறுமொறுவென்று நொறுங்கியது. ஊர் அப்பளம் மாதிரி. ஒரு கணம் சந்தோஷமாகக்கூட இருந்தது. அடுத்த கணம் கையிலிருந்த பாதியைத் தட்டில் வைத்தேன்.

"எதுல மூடி வெச்சிருந்தே?"

"மூடவேயில்லையே. இதோ இந்தக் கூடத்து அலமாரியில தட்டோட இருந்தது. ஏன்னா, என்ன ஆச்சு?"

"இப்படி நமுக்காம இருக்கறது எவ்வளவு நாளா?"

"ரெண்டு வாரம் இருக்கும். நானும் சொல்லணும்னு இருந்தேன். இந்த ஊருக்கு வந்து இப்பத்தான் அப்பளம் அப்பளமா இருக்குன்னு."

இரண்டு வாரம். கடையில் சுண்ணாம்பு பொடியாகிறது, எங்கள் கூடத்தில் அப்பளம் நமுக்கவில்லை. அப்படியானால் ஈரம் குறைந்தது ஊரில் அல்ல, இந்தக் கூடத்தில்தான். இங்கிருந்து எது போயிற்று? தட்டு இருக்கிறது. கல் இருக்கிறது. சாக்கு இருக்கிறது. நான் ஏற்படுத்தியவை எல்லாம் இருக்கின்றன. தொட்டிகளைப் பார்த்தேன். அதற்கு மேலே பார்த்தேன்.

மூங்கில் வெறுமையாக இருந்தது. இத்தனை நாளும் தொட்டிகளையே பார்த்துக்கொண்டிருந்த நான் அண்ணாந்து பார்த்ததில்லை.

"கமலம், உன் மடிப் புடவை எங்கே உலர்த்தறே?"

அவள் காபி டம்ளரைக் கையில் எடுத்துக்கொண்டாள். நான் அதை இன்னும் குடித்து முடிக்கவில்லை.

"பின்கட்டுத் தாழ்வாரத்துல" என்றாள்.

"எப்பலேர்ந்து?"

"ரெண்டு வாரமா."

ராஜம் அறைக்குள்ளிருந்து வந்து நிலைப்படியில் நின்றாள். நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவள் அண்ணாந்து மூங்கிலைப் பார்த்தாள், தொட்டிகளைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். ஒன்பது கஜம் நனைந்த நூல் தினமும் தன் செடிகளுக்கு மேலே தொங்கி, ஒரு பகல் முழுக்க ஈரத்தைக் காற்றில் விட்டுக்கொண்டிருந்தது என்பது எனக்கு முன்னால் அவளுக்குப் புரிந்துவிட்டது. தட்டும் கல்லும் பெயருக்குத்தான் இருந்திருக்கின்றன.

"அம்மா வேணும்னே பண்ணினதாக்கும்" என்றாள். "நான் தோக்கணும். அம்பாசமுத்திரம் போகணும். அதானே?"

"ராஜம்!" என்றேன்.

"கேளுங்கோப்பா! இத்தனை வருஷமா மாத்தாத இடத்தை இப்ப எதுக்கு மாத்தினான்னு கேளுங்கோ!"

கேட்க வேண்டாம் என்று தோன்றியது. ஆனால் எனக்குள்ளும் அதே கேள்வி இருந்தது. கமலம் என் முகத்தைப் பார்த்தாள். அதை அங்கே படித்துவிட்டாள்.

"நீங்களுமா அப்படி நெனைக்கறேள்?"

அவள் உள்ளே போனாள். கொல்லைக் கதவு திறக்கும் சத்தம். திரும்பி வந்தபோது, துடைப்பத்தின் முனையால் ஒரு பிஸ்கட் டப்பாவைத் தள்ளிக்கொண்டே வந்தாள். தரையில் கரகரவென்று அது என் காலடி வரை வந்து நின்றது. மூடி அழுந்தியிருந்தும் வாடை வந்தது.

"இது என்னன்னு உங்க பொண்ணைக் கேளுங்கோ."

ராஜத்தின் முகம் வெளுத்தது.

"சொல்லேன்டி."

"உரம்" என்றாள் ராஜம், தரையைப் பார்த்து.

"என்ன உரம்?" என்றேன்.

"மீன் பொடி. விழிஞ்ஞம் கடற்கரையிலேர்ந்து வர எங்க கிளாஸ் ஸ்டெல்லா குடுத்தா. ஒரு ஸ்பூன் போட்டா குருத்து வரும்னா."

மீன். இந்தத் தெருவில், இந்தக் கூடத்தில், சுவாமி விளக்குக்கு எட்டடி தள்ளி.

கமலம் மெதுவாகத்தான் பேசினாள். பக்கத்து வீட்டுச் சுவர் எங்கள் சுவர். "ஒரு நாள் புடவையை விரிக்கறச்சே வாடை வந்தது. எலி செத்துக் கெடக்குன்னு தேடினேன். தொட்டிக்குப் பின்னால இந்த டப்பா. அது மண்ணுல கலந்திருக்கு, அதுக்கு மேல என் மடி தொங்கறது. நான் என்ன பண்ணுவேன்? உங்ககிட்ட சொன்னா நீங்க சத்தம் போடுவேள். சத்தம் போட்டா பக்கத்தாத்துக்குக் கேக்கும். வீட்டுக்காரருக்குத் தெரிஞ்சா மறுநாளே காலி பண்ணச் சொல்லுவார். அம்பாசமுத்திரத்துக்கு மட்டுமா, எந்த ஊருக்கும் இவ சமாசாரம் போயிடும். டப்பாவைக் கொல்லையில விறகுக்கு அடியில வெச்சேன். மடியைப் பின்கட்டுக்கு மாத்தினேன். அவ படிப்பு போகட்டும்னு நெனைச்சிருந்தா, ஒரு வாளி கொதிக்கற தண்ணி போறாதோ?"

தெருவில் யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள்.

"செடிக்கும் என் புடவைக்கும் இப்படி ஒரு சம்பந்தம் இருக்குன்னு எனக்கு என்ன தெரியும்?" என்றாள். "நீங்கதானே தட்டு, கல்லு, சாக்குன்னு தெனம் சொல்லிண்டிருந்தேள்."

ராஜம் டப்பாவை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனாள். மண்வெட்டிச் சத்தம் கேட்டது. திரும்பி வந்து அம்மாவுக்கு முன்னால் நின்றாள். மன்னிப்புக் கேட்கத்தான் வந்தாள் என்று நினைக்கிறேன். ஆனால் கேட்டது வேறு.

"அம்மா, அந்த மண்ணை மேலாகச் சுரண்டி எடுத்துட்டுப் புது மண்ணு போட்டுடறேன். நாளைலேர்ந்து இங்கயே விரிப்பியா? ரெண்டே நாள். சனிக்கிழமை வரைக்கும்."

கமலம் அவளைப் பார்த்தாள். "வேருக்குள்ள போயிருக்குமேடி. மேல் மண்ணை எடுத்துட்டாப் போச்சா? என் மடியை அதுக்கு மேல விரிக்கச் சொல்றியா?"

"நான் என் தாவணியை நனைச்சுப் போடறேன்."

"ஒன் தாவணி ஒரு நாழியில காஞ்சுடும்."

"அப்பா வேஷ்டியும்..."

"விளக்கேத்த நாழியாச்சு" என்று சொல்லிக் கமலம் உள்ளே போய்விட்டாள்.

ராஜம் உட்கார்ந்து நகத்தால் மண்ணைச் சுரண்டி எடுக்க ஆரம்பித்தாள். நான் கொல்லையிலிருந்து புது மண் கொண்டுவந்து சலித்துக் கொடுத்தேன். பிடிவாதம் என்று கமலத்தைச் சொல்ல என்னால் முடியவில்லை. இந்த ஊருக்கு வந்து நான் மொழியை விட்டுக்கொடுத்தேன், சாப்பாட்டை விட்டுக்கொடுத்தேன். ராஜம் இன்னும் நிறைய விட்டுக்கொடுத்தாள். கமலம் ஊரிலிருந்து கொண்டுவந்ததில் கை வைக்காமல் வைத்திருந்தது அந்த மூங்கிலில் உலரும் மடி ஒன்றுதான். அந்த மூங்கிலையும் இரண்டு வாரத்துக்கு முன்னால், சத்தமில்லாமல், இந்தப் பெண்ணுக்காகக் காலி செய்திருக்கிறாள். இப்போது மறுபடி கேட்கிறோம்.

ராஜத்தின் தாவணியையும் என் இரண்டு வேஷ்டிகளையும் நனைத்து, நாற்காலிகளின் முதுகில் விரித்து, தொட்டிகளைச் சுற்றி வைத்தோம். விளக்கை அணைப்பதற்கு முன் தொட்டுப் பார்த்தேன். தாவணி காய்ந்திருந்தது.

7

மார்ச் 4, வியாழக்கிழமை. ஐந்து மணிக்கு முன்பே கிணற்று உருளையின் சத்தம் கேட்டு எழுந்துவிட்டேன். கமலம் குளிப்பதற்கு இன்னும் நேரம் இருந்தது. கூடத்துக்கு வந்தேன். அவள் கொல்லைப் பக்கத்திலிருந்து ஒரு வாளியைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு வந்தாள். உள்ளே பிழியாத புடவை. தண்ணீரில் லேசாகச் சாயம் இறங்கியிருந்தது. அரக்கு நிறம்.

அது அம்பாசமுத்திரத்துக்கென்று பெட்டியில் வைத்த புடவை.

"கமலம், இது..."

"கெட்டி நெசவு. சாயங்காலம் வரைக்கும் ஈரம் நிக்கும்" என்றாள். "பெட்டியில கெடந்தாலும் இந்த ஊர்ல பூஞ்சணம்தான் புடிக்கும். என் மடி பின்கட்டுலயே இருக்கட்டும். கோலை எடுங்கோ."

மூலையில் சாத்தியிருந்த கோலைப் பார்த்தேன். "நான் இன்னும் குளிக்கலையே."

"நானும்தான் குளிக்கலை. இது மடி இல்லை. எடுங்கோ, கை வலிக்கறது."

எடுத்தேன். அது நான் நினைத்திருந்ததைவிட லேசாக இருந்தது. புடவையின் ஒரு தலைப்பை அதன் முனையில் மாட்டி மேலே தூக்கினேன். முதல் தடவை வழுக்கி என் தோளில் விழுந்து நனைத்தது. "அப்படியில்லை, உள்பக்கமா" என்றாள். இரண்டாவது தடவை மூங்கிலில் ஏறியது. அவள் கீழிருந்து இழுத்துச் சரிசெய்தாள். ஒன்பது கஜமும் கூடத்தின் குறுக்கே விரிந்து, கீழே ஐந்து தொட்டிகளும் நிழலுக்குள் போயின.

ராஜம் அறை வாசலில் நின்றாள். எப்போது வந்தாள் என்று தெரியாது. வந்து அம்மாவின் கையிலிருந்த காலி வாளியை வாங்கிக்கொண்டாள்.

சொட்ட ஆரம்பித்தது. முதல் சொட்டுகள் இரண்டாவது தொட்டியின் விளிம்பில் விழுந்து வெளியே தெறித்தன. குந்தி உட்கார்ந்து, அந்தத் தொட்டியை நாலு விரற்கடை உள்ளே நகர்த்தி வைத்தேன். சாக்கை நனைப்பதற்கு முன், தட்டுகளைப் பார்ப்பதற்கு முன், அன்று காலையில் நானாகச் செய்த முதல் காரியம் அதுதான்.